போத்தலின் பின்பக்கம்

சவரம் செய்த முகத்தில் லோஷனைப் பூசிவிட்டு, எரிவு அடங்கும்வரை பொழுதுபோக்காகப் போத்தலின் பின்பக்கத்தை வாசித்ததுதான் ஸஹீத் செய்த பிழை.

அவனுக்குக் காரியாலயத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை. கையில் எந்தக் கடதாசி கிடைத்தாலும் கடைசி வரிவரை வாசிக்காவிட்டால் சோறு இறங்காது. சுனாமியில் வீடு போய், வீட்டுத்திட்டத்தில் மூத்த சகோதரி ஸைனம்பு லாத்தாவோடு குடியேறி, யுத்தமும் ஒருவழியாக முடிந்து, முப்பத்தாறு வயதில் இப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. பெண் பஹ்மிதா. ஒரேயொரு தடவைதான் அவளைக் கண்டிருக்கிறான். அதற்குப் பிறகு வேறு யாரையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய வாப்பா ஹமீட் ஹாஜியார், கல்முனையில் மொத்த வியாபாரம் செய்பவர், இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார். மார்க்க விசயத்தில் மகா கண்டிப்பானவர் என்று புரோக்கர் சீனிமுகம்மது எச்சரித்திருந்தார்.

போத்தலில் முதல் சொல்லே ‘அல்கஹோல்’.

“லாத்தா! நான் சாராயத்த முகத்துல பூசிட்டன்!”

ஸைனம்பு குசினியிலிருந்து ஓடிவந்தாள். “அல்லாஹ்வே! எங்கால எடுத்த?”

“கடையிலதான். புது லோஷன். எல்லாரும் வாங்குறாங்க.”

“சுறுக்கா கழுவு. ஹாஜியார் கட்டிப்பிடிச்சி சலாம் சொல்ற ஆள். மணந்தா எல்லாம் போச்சு!”

ஸஹீத் மூன்று தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். மணம் போகவில்லை, தோல்தான் போனது. அவித்த இறால் மாதிரி சிவந்துவிட்ட முகத்துக்கு லாத்தா கிறீம் எடுத்துக் கொடுத்தாள். பூசினான். கை சும்மா இருக்குமா? அதையும் திருப்பி வாசித்தான்.

“லாத்தா, இதுல ‘சீட்டைல் அல்கஹோல்’! இது வேற ஜாதிச் சாராயம்!”

மறுபடியும் சவர்க்காரம். இந்தத் தடவை அதன் உறையையும் விடவில்லை. அதில் ‘டலோவேட்’ என்றிருந்தது. அகராதியைப் புரட்டினால் மிருகக் கொழுப்பிலிருந்து வருவதாம். எந்த மிருகம் என்று அகராதியும் சொல்லவில்லை, உறையும் சொல்லவில்லை.

மூன்றையும் கொண்டுபோய் வாசல் மதிலில் வைத்தான். “இனி இந்தக் கடைச் சாமான் ஒண்டும் வேணாம்!”

“அப்ப தேசிக்காயும் மஞ்சளும் பூசு. அதுல ஆரும் ஒண்டும் எழுதயில்ல,” என்றாள் லாத்தா.

புதிதாகச் சவரம் செய்த கன்னத்தில் தேசிப்புளி பட்டதும் ஸஹீத் போட்ட சத்தம் வீட்டுத்திட்டத்தின் கடைசி வீடுவரை கேட்டது.

லாத்தா பயந்துபோய் ஃபோன் எடுத்ததில், பாமசியில் மருந்து கொடுக்கும் கூட்டாளி ஜவுபர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மதிலிலிருந்த சாமான்களைப் பார்த்ததும் விசயம் விளங்கிவிட்டது.

“மச்சான், சீட்டைல் அல்கஹோலுக்குப் பேர்தான் அல்கஹோல். அது மெழுகு மாதிரி ஒரு சாமான். தேங்காயெண்ணெயிலயும் எடுப்பாங்க. கிறீம் தடிப்பா இருக்கிறதுக்குப் போடுற. ஒருத்தருக்கும் வெறி ஏறாது.”

“லோஷன்ல உள்ளது?”

“அது மெய்யான ஸ்பிரிட்தான். குடிக்க ஏலாத மாதிரி கசப்பு கலந்திருப்பாங்க. தோலுல பூசலாமா எண்டதுல மார்க்கம் படிச்ச ஆலிம்மாருக்குள்ளயே ரெண்டு கருத்து. சவர்க்காரத்துல என்ன கொழுப்பு எண்டு செஞ்சவனத்தான் கேக்கணும்.”

“அப்ப இந்த ‘அக்வா’? எல்லாத்துலயும் கிடக்கே!”

“அது தண்ணி மச்சான்.”

ஸஹீத் படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் வேன் வந்து நின்றது.

ஹாஜியார் சலாம் சொல்லி இறுக்கிக் கட்டிப்பிடித்தார். விலகியபோது அவருடைய வெள்ளை ஜுப்பாவின் தோளில் மஞ்சள் அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

“தம்பிக்கு மஞ்சக்காமாலையா?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு மகளின் முகத்தில் எப்படி முழிப்பது? ஸஹீத் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான்.

“எங்க, அந்த லோஷனக் கொண்டாங்க பாப்பம்.”

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தார். அவருடைய முகம் கறுத்தது. போத்தலை ஜுப்பாப் பைக்குள் போட்டார்.

“யோசிச்சிச் சொல்றன்,” என்று எழும்பிப் போய்விட்டார். லாத்தா விடியத்திலிருந்து பாடுபட்டுச் செய்த வட்டிலப்பத்தைத் தொடவேயில்லை.

“இனி பஹ்மிதா இல்ல,” என்றான் ஸஹீத்.

பொழுதுபட, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி சீனிமுகம்மதின் சைக்கிள் மணி கேட்டது.

“மாப்பிள, ஹாஜியாருக்குச் சம்மதம்! உள்ளத உள்ளபடி சொன்ன பிள்ளையாம். இப்பிடி ஒரு மருமகன் கிடைக்கிறது நசீபாம்.”

ஸஹீதின் கண் கலங்கிவிட்டது. தேசிப்புளி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். லாத்தா சந்தோசத்தில் வட்டிலப்பத்தைத் தட்டோடு தூக்கிப் புரோக்கரிடம் கொடுத்தாள்.

“ஆனா பெருநாள் முடியும்வரைக்கும் இந்தச் சம்பந்தத்த வெளியில மூச்சுவிடக்கூடாதாம்.”

“ஏன், புரோக்கர் நானா?” என்று கேட்டான் ஸஹீத்.

சீனிமுகம்மது ஒரு கரண்டி வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “பெருநாள் வியாபாரத்துக்கு எடுத்த அந்த லோஷன் இன்னும் எழுநூறு போத்தல் அவர்ர ஸ்டோர்ல கிடக்காம், அது வித்து முடியிற வரைக்கும் நீங்க ஆரோ, அவர் ஆரோவாம்!”