சதுப்போரத்து இடமும் இரண்டு ஸ்கோப்புகளும்

மரியாதைக்குரிய ஆஸ்பியோர்ன் பெரியப்பாவுக்கு,

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் வந்தால் நீங்களும் அப்பாவும் பேசுவீர்கள், நான் காபி ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். பெரியம்மா நலம்தான், காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கிகளில், உங்கள் ஜெர்மன் ஸ்கோப் உசத்தியா, அப்பாவின் ஆஸ்திரிய ஸ்கோப்பா? ஜெயித்தவருக்கு இந்த ஆண்டு மூஸ் மான் வேட்டையில் சதுப்போரத்து இடம், மூஸ் அதிகம் வரும் இடம். "குடும்பத்துலயே பட்டம் வாங்கினவ நீ ஒருத்திதான், நீயே தீர்ப்பு எழுது" என்றீர்கள். நான் படித்தது மீன் தீவனம். இருந்தாலும் எழுதுகிறேன்.

தெளிவில் இரண்டும் ஒன்றுதான். சுடும் மைதானத்தில் அறுநூறு மீட்டர் தள்ளி, குறியாக நட்ட இரும்புத் தகட்டின் ஓரத்துத் துரு வரை தெரிந்தது, தகடு ஸ்கோப்பில் அகப்பட்டபோது. நீங்கள் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு கால் மணி நேரம் புல்லையே பார்த்தீர்கள். "டேய் டோர்கெய்ர், தகட்ட எங்கடா ஒளிச்சு வச்ச?" என்று அப்பாவைக் கேட்டீர்கள். "கொஞ்சம் குறைச்சுப் பாருங்கண்ணே, எறும்புக்கா குறி வைக்கிறீங்க?" என்றார் அப்பா. பிறகு அவர், தூரத்துக்கு ஏற்பக் குறியை உயர்த்தும் ஸ்கோப் குமிழைத் திருகி நாற்பத்திரண்டு கிளிக் எண்ண ஆரம்பித்தார். இருபதில் நீங்கள், "வாஃபிளுக்குச் சீஸா, ஜாமா?" என்றீர்கள். மறுபடி ஒன்றிலிருந்து. முப்பதில், "எந்த ஜாம்?" ஒருவழியாக ஆளுக்கு மூன்று குண்டு சுட்டு, ஆளுக்கு மூன்று முறை "பட்டுச்சு!" என்று கத்திவிட்டு, வாஃபிள் தின்னக் கொட்டகைக்குப் போனீர்கள். திரும்பி வந்து பார்த்தால் தகட்டின் வெள்ளைப் பூச்சில் ஆறு அடையாளம். ஒரே வாஃபிளால் ஆறையும் மூடிவிடலாம். அதன்பின் நூறு மீட்டரில் மூஸ் படம் வரைந்த பலகை. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப அப்பா மறந்தார், ஐந்து குண்டும் மூஸின் முதுகுக்கு மேலே பறந்தன. "மூஸா, கொக்காடா?" என்று வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு நீங்கள் படுத்தீர்கள். உங்கள் ஐந்தும் அதே வழியில் போயின.

தீர்ப்பு: இரண்டும் சமம். இடத்தை ஆண்டுக்கு ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கும் நாய்க்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் வேட்டைக்குள் சரியாகட்டும்.

கீழ்ப்படிந்த,
இங்வில்ட்

பின்குறிப்பு: தீர்ப்பைக் கிழித்துவிடுங்கள். அந்த ஆறு அடையாளங்களும் என்னுடையவை. நீங்கள் கொட்டகையில் ஜாமுக்குச் சண்டை போட்டபோது, மைதானப் பொறுப்பாளர் குன்வோர் அக்கா பக்கத்தில் நிற்க, இரண்டு துப்பாக்கியிலும் மும்மூன்று சுட்டேன். உங்கள் இருவரின் குண்டுகளும் காற்றில் விலகி, தகட்டுக்கு இடப்புறம் மண்மேட்டில் இருக்கின்றன. காற்று எந்த ஸ்கோப்பிலும் தெரியாது பெரியப்பா. கம்பத்துக் கொடியைத்தான் பார்க்க வேண்டும். வேட்டை உரிமத்துக்கான தேர்வில் மே மாதமே தேறிவிட்டேன், சான்றிதழ் இணைத்திருக்கிறேன். வேட்டைத் தலைவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்: இந்த ஆண்டு காபியை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், சதுப்போரத்து இடத்தை எனக்குக் கொடுங்கள்.