பிரேக்கைக் கழட்டிட்டா என்ன விலை?

பிள்ளைகளா, ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கீரைக்கட்டு வாங்கினாலும் கொசுறுக்குக் கருவேப்பிலை கேட்டு நிற்கிற ஆள் நான். (உங்கள் அம்மா பத்தடி தள்ளிப்போய், என்னைத் தெரியாதவள் மாதிரி நிற்பாள்.) இந்தக் குணத்தால் ஒருநாள் பசுமலையில் எனக்கு நேர்ந்ததை வேறு யாராவது உங்களிடம் கூட்டிச் சொல்வதற்குள் நானே முழுசாக எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபது வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, வில்லாபுரத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது ஒரு மரியாதைக்கு. வேலை என்னைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.) திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த என் மாமா அப்போது ஊருக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளூரில் வேலை கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை பஸ்ஸில் அவரோடு நான் கிளம்பவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கோ திருமங்கலம் தாண்டினாலே ஊர் ஞாபகம் வந்துவிடும், அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன்.

அந்த வாரம்தான் ராசு அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அலங்காநல்லூர்க்காரர். பசுமலையில் குடோன் பிடித்து பிஸ்கட் ஏஜென்சி நடத்தினார். பொருட்காட்சியில் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி சாம்பிள் பிஸ்கட் கொடுக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அப்புறம் குடோனிலேயே நிரந்தர வேலை. சக்கரம் மட்டும் நாமே கொண்டுவர வேண்டும்.

"ஸ்கேட்டிங் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

"தெரியும்ணே" என்றேன்.

பொய் இல்லை. டிவியில் பார்த்திருந்தேன். பார்த்தது தெரிந்ததுதானே? ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து ஓட்டிக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை என் கூட்டாளி பாண்டியோடு சக்கரம் வாங்கக் கிளம்பினேன். டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், பூட்ஸோடு சேர்த்துத் தைத்த ஜோடி ஒன்று கண்ணாடிக்குள் மினுமினுத்தது. விலையைக் கேட்டதும் பாண்டி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டான். அடுத்த கடையில் பிளாஸ்டிக் ஜோடி இருந்தது. விலை கட்டுப்படியானது. ஆனால் அதில் என் கட்டைவிரல் மட்டும்தான் வசதியாக உட்கார்ந்தது.

கடைசியில் பாண்டி தன் தெருவிலேயே ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரா குடும்பம். அவர்கள் மகன் வெளியூர் காலேஜுக்குப் போய்விட்டதால் அவனுடைய ஸ்கேட்டிங் சக்கரம் சும்மா கிடந்தது. இரும்புத் தகடு, தகட்டுக்கு நாலு சக்கரம், வார்ப்பட்டை. நம் ஷூவுக்கு மேலே கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஒரு விலை சொன்னார். என் பையில் அதில் பாதிதான் இருந்தது.

பேரம் பேசுவதற்கு முதலில் பொருளில் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு ரப்பர் கட்டை துருத்திக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, அதுதான் பிரேக், தரையில் ஊன்றினால் நிற்கும் என்றார்.

"எனக்கு ஓடத்தான சார் வேணும், நிக்கிறதுக்கு எதுக்கு சாமான்? பிரேக்கைக் கழட்டிட்டா என்ன விலை?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுக்க, அவர் வீட்டம்மா வந்தார். இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். அந்தம்மா என் காலைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லச் சொல்ல, அவர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். என் பேச்சுத் திறமையில் எனக்கே புல்லரித்தது. கடைசியில் பாதி விலைக்கு முடிந்தது. அவரே ஸ்பேனர் எடுத்து வந்து, இரண்டு பிரேக்கையும் கழட்டி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா விடவில்லை. சக்கரம் இருந்தால் அது வண்டி. புது வண்டியை எலுமிச்சம்பழத்தில் ஏற்றாமல் ஓட்டக்கூடாது. எட்டுச் சக்கரத்துக்கு எட்டுப் பழம் என்று மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் ஓட்டமே பழத்தின் மேல்தான் என்பதால், வீட்டில் ஒத்திகை பார்க்கவும் தடை.

ஞாயிற்றுக்கிழமை, பாண்டியின் கேன்வாஸ் ஷூவை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அவன் சைக்கிளிலேயே அவனோடு பசுமலை போனேன். குடோனுக்கு முன்னால் ரோடு நல்ல சரிவு. சரிவின் அடியில் ராசு அண்ணன் டீ குடித்துக்கொண்டு நின்றார். மேலே நாங்கள் பழத்தை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. புது வண்டிக்கு அதுதான் முறை, நிதானமாக வைத்துவிட்டு வா என்று கீழேயிருந்தே சொன்னார்.

நான் பாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் குனிந்து எட்டுச் சக்கரத்துக்கும் முன்னால் பழத்தை வைத்தான். பிறகு சாமியை நினைத்துக்கொண்டு என்னை விட்டான்.

கார் என்றால் பழம் நசுங்கும். அன்றைக்கு என் எடை நாற்பத்தெட்டு கிலோ. இடது காலின் பழங்கள் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டன. வலது காலின் பழங்கள் சக்கரத்தில் சிக்கிக்கொண்டன. ஆகவே இடது கால் சரிவில் கிளம்பியது, வலது கால் சாமி கும்பிட்டுக்கொண்டு அங்கேயே நின்றது. மனுசனுக்கு இரண்டு கால்களுக்கு நடுவே எம்புட்டு தூரம் இருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்புறம் வலது காலுக்கும் மனசு மாறி, அதுவும் கிளம்பியது.

முன்னே நாலைந்து பழம் உருள, பின்னே நான். கையைக் காற்றில் துழாவினேன். கால்விரலைத் தரையில் ஊன்றினேன். ஊன்றுவதற்கான சாமான் பாண்டி தெருவில், ஒரு அலமாரியில் பத்திரமாக இருந்தது. எதிரே ஒரு மூன்றுசக்கர வண்டி நிறைய பிஸ்கட் டின். அதற்கு முன்னால் ராசு அண்ணன். வேறு யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். அவர் அலங்காநல்லூர்க்காரர் அல்லவா, டீ கிளாஸைப் போட்டுவிட்டுக் காலை அகட்டி நின்றார். நான் வந்த வேகத்தில் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து, கூடவே மூன்று துள்ளு துள்ளி, டின்னுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார்.

மூச்சு வாங்கியபடி என் காலைப் பார்த்தார். "இதுல பிரேக் எங்கடா?"

"விலை கூடவா இருந்துச்சுண்ணே. கழட்டிட்டு வாங்கிட்டேன்."

அவர் குனிந்து, உடைந்த டீ கிளாஸைப் பொறுக்கத் தொடங்கினார். என் கண்ணில் திருப்பூர் பஸ் தெரிந்தது. வேலை இல்லையென்றால் நாளைக்கு ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தம்பி, உருள்ற வேலை உனக்கு ஆகாது" என்றார். "நிக்கிற வேலை ஒண்ணு இருக்கு. நிப்பியா?"

திரும்பும்போது பாண்டி சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். (நேராக உட்காரும் நிலைமை இல்லை.) அப்போதுதான் அவன் சொன்னான். அந்தத் தெருவிலேயே வளர்ந்ததால் அவர்கள் பாஷை அவனுக்குப் புரியுமாம். "இந்தப் பையன் காலை ஒடிச்சுக்கப் போறான், கூடக் காசு வாங்காதீங்க, கட்டுப் போடவாவது அவன்கிட்ட இருக்கட்டும்" என்றுதான் அந்தம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"அப்பவே ஏண்டா சொல்லல?"

"விலை குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு மாப்ள. நடுவுல எதுக்குக் கெடுக்கணும்?"

திங்கட்கிழமை மாமா தனியாகத்தான் பஸ் ஏறினார். நான் பொருட்காட்சி வாசலில், அட்டையில் செய்த ஆள் உயரப் பிஸ்கட்டுக்குள் நின்றேன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை. பொருட்காட்சி முடிகிறவரை அசையாமல் நின்றேன். ராசு அண்ணன் சொன்ன வாக்கு மாறாமல் குடோனில் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

இதை ஒருநாள் சோறு ஊட்டும்போது உங்களில் பெரியவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் ஒன்றாம் வகுப்பில், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டபோது எழுந்து நின்று, "எங்கப்பா மொதல்ல பிஸ்கட்டா இருந்தாரு. இப்ப குடோன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து லேசாகத் தூறல் போட்டாலும் போதும். உங்கள் அம்மா வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிடுகிறாள். "உள்ள வாங்க, நமத்துப் போயிருவீங்க."