றெட்காட் அண்ணையின் நேர்முகப் பரீட்சை

வடமராட்சியில் சிவப்பு அட்டை வாங்காத மனிதர் என்று ஒருவரும் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் அவர் நேற்றுத்தான் கனடாவிலிருந்து வந்திறங்கியிருப்பார். அவருக்கும் இன்றைக்குக் கிடைத்துவிடும்.

கொடுப்பவர் றெட்காட் அண்ணை. தொழில் பஸ் ஓட்டுவது. பின்னேரங்களில் எங்கள் உடுப்பிட்டிக் கழகத்துப் பொடியன்களுக்கு உதைபந்தாட்டப் பயிற்சி. எப்போதோ ஒரு போட்டிக்கு நடுவராக நின்றபோது சட்டைப்பையில் போட்ட அட்டையை அவர் திருப்பி எடுத்து வைக்கவேயில்லை. யன்னலால் வெற்றிலை துப்பினால் பஸ்ஸை நிறுத்தி, எழுந்து வந்து, அட்டையை உயர்த்துவார். துப்பியவர் பேசாமல் இறங்கிவிடுவார். கலியாண வீட்டுப் பந்தியில் முன்வரிசைக்கு மட்டும் இரண்டாம்தரம் பாயசம் ஊற்றிய மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் காட்டினார். மைதானத்துக்குள் புகுந்த மாட்டுக்கும் காட்டினார். மாடு திரும்பிப் போனது.

“பாத்தியளே, மாட்டுக்கு விளங்குது” என்றார்.

ஆனால் மைதானத்தில் அவர் வேறு ஆள். ஒரு பொடியன் பந்தை நிறுத்துகிற விதத்தைப் பார்த்தே, அவன் எந்த இடத்தில் விளையாட வேண்டும் என்று சொல்லிவிடுவார். அது பிழையாகப் போனதாக எனக்கு நினைவில்லை.

தேசிய அணிக்கு வெளிநாட்டு மனேஜர் ஒருவர் வந்தார். அவருக்குக் கீழே இரண்டு உள்ளூர் உதவிப் பயிற்றுநர்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு அண்ணை என் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவன்.

“மாஸ்ரர், இதை இங்கிலீசிலை எழுதித் தாரும்.”

“என்னெண்டு எழுத, அண்ணை?”

“நான் நல்ல கோச் எண்டு எழுதும். உண்மைதானே.”

விண்ணப்பத்தில் ‘உங்கள் குறைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விடுவோம் என்றேன். அவர் விடவில்லை. “கோவம் வரும் எண்டு போடும். பிறகு ஏமாத்திப்போட்டான் எண்டு ஆரும் சொல்லக்கூடாது.”

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. அதன்பிறகு மூன்று கிழமை அவர் யாருக்கும் அட்டை காட்டவில்லை. பஸ்ஸுக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டபோதுகூட, “தம்பியவை, விடுங்கோ” என்று மட்டும் சொன்னாராம். அந்த வேலையை மனிதர் எவ்வளவு விரும்பினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பில் ஒரு தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அண்ணைக்குப் பக்கத்தில் மாத்தறையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பயிற்றுநர். அண்ணையிடம் பஸ் சாரதிச் சிங்களம் இருந்தது. மாத்தறைக்காரரிடம் சினிமாத் தமிழ் இருந்தது. சண்டை பிடிக்க அது தாராளமாகப் போதும். பின்வரிசையில் நின்று தடுக்கிறவர் முன்னால் ஏறிப் போகலாமா, கூடாதா என்பதுதான் பிரச்சினை. கொஞ்ச நேரத்தில் தேநீர்க் கோப்பைகள் எல்லாம் நாங்கள் இருந்த வாங்கில் விளையாட்டு வீரர்களாகிவிட்டன. ஒரு கோப்பையில் என் தேநீர் பாதி இருந்தது. அதை அண்ணை கோல்காப்பாளராகப் போட்டுவிட்டார்.

“அண்ணா, தப்பு. ரொம்பத் தப்பு” என்றார் மாத்தறைக்காரர்.

மூன்று கிழமைப் பொறுமை முடிந்தது. அண்ணை எழுந்து அட்டையை உயர்த்தினார். மாத்தறைக்காரர் அசையவில்லை. அட்டையை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு கோப்பைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்து, “இது உங்க கோல் போஸ்ட். இப்போ பாருங்க” என்று மேலே விளக்கத் தொடங்கினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே மனேஜர் ஒரு குளிர்நாட்டு மனிதர். ஆங்கிலம் அவருக்கும் கடன்மொழிதான். இரண்டு இடங்களில் ஒன்று கோல்காப்பாளர்களைப் பழக்குகிறவருக்கு என்று முடிவாகிவிட்டது, மற்றதற்குத்தான் ஆள் தேடுகிறேன் என்றார். பிறகு, “நான் எடுக்கும் முடிவு பிழையென்று பட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

“அதிலையே வைச்சுச் சொல்லுவன், உமக்கு விசரோ எண்டு.”

“பணிவாக என் கருத்தைத் தெரிவிப்பேன் என்கிறார்” என்றேன்.

இப்படியே ஐந்தாறு பதில்களை நான் சீவிச் சீவிக் கொடுத்தேன். மனேஜர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அண்ணையைப் பிடித்திருந்தது தெரிந்தது. கடைசியாக, “உங்களை எடுக்கவில்லையென்றால், வெளியில் இருப்பவர்களில் யாரை எடுக்கச் சொல்வீர்கள்?” என்றார்.

அண்ணை யோசிக்கவேயில்லை. “மாத்தறைக்காரனை. அவன் சொல்லுறது முழுக்கப் பிழை. ஆனா நான் காட் காட்டியும் பயப்பிடேல்லை. பெரிய கோச்சுக்குப் பக்கத்திலை அப்பிடி ஒருத்தன்தான் நிக்கவேணும்.”

“உங்களைவிட நல்லவரா?”

இந்த முறை நெடுநேரம் யோசித்தார். தன் கைகளைப் பார்த்தார். “இந்த வேலைக்கு ஓம். அவனுக்கு இங்கிலீசும் வருது. என்னோடை கதைக்கிறதெண்டா மாஸ்ரரும் கிறவுண்டுக்குள்ளை ஓடித் திரியவேணும். எங்கடை தமிழ்ப் பொடியளோடை அவன் கை காலாலை எண்டாலும் கதைச்சுப்போடுவான்.”

அதை மட்டும் நான் மாற்றவில்லை. ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பும்போது றெயிலில் கேட்டார். “கடைசியாச் சொன்னதை நீர் சரியாத்தானே சொன்னனீர்?”

“ஓம் அண்ணை. கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்.”

“மாத்தியிருந்தா உமக்கும் காட்தான்.”

பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வவுனியா வரும்வரை நான் வாங்கிக் கொடுத்த வடை மடியில் அப்படியே இருந்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மாத்தறைக்காரரைத்தான் எடுத்திருந்தார்கள். அண்ணை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறாங்கள்” என்று சொல்லி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று பருத்தித்துறை போய் வருவதற்குள் பஸ்ஸில் நாலு பேருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் மாத்தறைக்காரர் தொலைபேசி எடுக்கிறார். தேசிய அணியில் யாரை எங்கே விடுவது என்று இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் சத்தம் போடுகிறார்கள். அங்கே சினிமாத் தமிழும் இங்கே பஸ் சிங்களமும் முட்டி நின்றுவிட்டால், ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட நான் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதிப் பிழை, முழுப் பிழை என்று ஏசிக்கொண்டே வைப்பார்கள். வைத்தபிறகு அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் எனக்கு உதைபந்தாட்டத்தில் துளியும் விருப்பமில்லை. ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாக இருந்து பார்த்ததில்லை. இதை அண்ணையிடம் இதுவரை சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிறு நாலு மணியாகிவிட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன்.