தைநானில் நான் தைப்பேக்காரனாக நடந்த காலை

அன்புத் தம்பி சிங்-பாவுக்கு,

அண்ணன் சிங்-யுவான் எழுதிக்கொள்வது. காங்ஷானில் உன் ஸ்க்ரூ பட்டறை இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே நீயும் உன் வீட்டாரும் காது கேட்கும் நிலையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அம்மா அப்பா படத்துக்கு முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றும்போது உன் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிற்க, நீ சொன்ன காரியத்தை முடித்துவிட்டேன். போன மாதம் போனில் நீ என்ன சொன்னாய்? "ஊர் சுத்திக் காட்டிப் பொழைக்கறவன் கையில என் பொண்ண எப்படிண்ணே குடுக்கறது? நீதான் அந்த ஊர்ல இருக்க. யாருன்னு சொல்லாம போய் அவனப் பாத்துட்டு வா. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்." இப்படிச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். வான்-யூன் எனக்கும் மகள் மாதிரிதான். அந்த ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இடது காலை மெல்ல இழுத்து இழுத்து நடக்கிற குழந்தை, நடப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவனைப் போய்ப் பிடித்திருக்கிறாளே என்று எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். அதனால் ஒப்புக்கொண்டேன். ஆனால் நீ கேட்டது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியாது. முப்பது வருஷம் இந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் குனிந்து தண்ணீர் மீட்டர் பார்த்தவனை, இந்த ஊரிலேயே வெளியூர்க்காரனாக நடிக்கச் சொல்லியிருக்கிறாய்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அவன் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தேன். ஒரே ஆள், தனிச் சுற்றுலா, பெயர் லீ, ஊர் தைப்பே. தொப்பி, முகக்கவசம், கருப்புக் கண்ணாடி, கழுத்தில் படம் எடுக்கத் தெரியாத ஒரு கேமரா, இத்தனையும் மாட்டிக்கொண்டு கன்பூசியஸ் கோயில் வாசலில் போய் நின்றேன். நம் வான்-யூன் பிடித்த அந்த மிங்-தா ஏற்கெனவே வந்திருந்தான். ஒல்லியான பையன், காது இரண்டும் பெரிது, செருப்பின் பின்பக்கம் தேய்ந்து போயிருந்தது. "வாங்க ஐயா, சாப்டீங்களா?" என்றான். "தைப்பேயிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்றேன். விடிந்து அரை நாழிகைகூட ஆகாத நேரத்தில் தைப்பேயில் சாப்பிட்டுவிட்டு இங்கே எப்படி வந்து நிற்பேன் என்று அவன் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது என் கஷ்டகாலம். முதல் சந்தில் நுழைந்ததுமே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், "மீட்டர் அண்ணே, எங்க வீட்டுக் குழாய் திரும்பவும் ஒழுகுதுண்ணே" என்றாள். நான் கேமராவை வானத்தைப் பார்த்துத் தூக்கினேன். அடுத்த சந்தில் முடிதிருத்துகிறவன், "அண்ணே, என்ன வேஷம் இது, கண்ணுல கட்டியா?" என்று கத்தியோடு வெளியே வந்துவிட்டான். உள்ளே பாதிச் சவரத்தில் ஒருவர் நுரையோடு உட்கார்ந்திருந்தார். மிங்-தாவிடம், "இங்கே எல்லோரும் வெளியூர்க்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களோ?" என்று கேட்டேன். "பாசக்கார ஊருங்க ஐயா" என்றான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மீன்கஞ்சிக் கடையில் மானம் போனது. அங்கே கடை வைத்திருக்கும் அ-ஹாவ் அக்கா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கொத்தமல்லி இல்லாமல், வயிற்றுப்பக்கத் துண்டு கூடுதலாகப் போட்டு. தைப்பேக்காரன் தைநான் சாப்பாட்டை எப்படித் தின்பான் என்று உனக்குத் தெரியுமே, ஒரு வாய் வைத்துவிட்டு இனிக்கிறது என்பான். நானும் நடிப்புக்குக் குறைவில்லாமல், "இனிக்கிறதே" என்றேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இருவது வருஷமா இதே வாயிலதான தின்ன? இன்னிக்கி மட்டும் என்ன இனிக்குது? சக்கர வியாதி வந்திருச்சா? ஆஸ்பத்திரிக்குப் போனியா? மூஞ்சில எதுக்கு அந்தத் துணி, காய்ச்சலா?" நான் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கடைசி வாய் வரைக்கும் குடித்து முடித்தேன். மிங்-தா மேஜையில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பழைய வீட்டின் முன்னால் நிறுத்தி, "மேல பாருங்க ஐயா" என்றான். கூரை முகட்டில் ஒரு மண் சிங்கம், காற்றைக் கடிக்கப் போவது போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு மீட்டர் எந்த மூலையில், எந்தச் செடித்தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சிங்கத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, தம்பி. முப்பது வருஷமும் குனிந்தே போயிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை அந்தப் பையனிடம் சொல்லவும் முடியவில்லை, நான்தான் தைப்பேக்காரனாயிற்றே.

கடைசியாக ஊர்க்காவல் சாமி கோயிலுக்குக் கூட்டிப் போனான். உனக்குத்தான் தெரியுமே, நம் பாவபுண்ணியத்தைக் கூட்டிக் கழிக்க அங்கே பெரிய மணிச்சட்டம் தொங்கும், தலைக்கு மேலே 'வந்துவிட்டாயா' என்று கேட்கிற பலகை இருக்கும். அந்தப் பலகையைப் பார்த்ததுமே கேமராவை முதுகுப் பக்கம் தள்ளி மறைத்தேன். வந்தது வந்தோம், உன் விஷயத்தைச் சாமியிடமே கேட்டுவிடலாம் என்று அரைநிலாக் கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்து மண்டியிட்டேன். அங்கேதான் புத்தி பேதலித்தது. சாமியிடம் கேட்பதற்கு முன்னால் பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி எல்லாம் சொல்ல வேண்டாமா, இல்லாவிட்டால் யார் கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா பழக்கிவிட்ட வாய், தானாக ஓடியது, அதுவும் அம்மா சொல்லித்தந்தபடி உரக்க. "என் பேரு குவோ சிங்-யுவான், தைநான்லதான் இருக்கேன், மீன் சந்தைக்குப் பின்னால மூணாவது சந்து, தம்பி சிங்-பாவோட பொண்ணு வான்-யூன இந்தப் பையனுக்குக் குடுக்கலாமான்னு கேக்க வந்திருக்கேன்." சொல்லி முடித்த பிறகுதான், 'இந்தப் பையன்' என் பின்னால் இரண்டடி தூரத்தில் நிற்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கட்டைகளைப் போட்டேன். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டேன், மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவையும் சிரிப்பு. பக்கத்தில் கேள்வியோடு காத்திருந்த ஒரு கிழவியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காலையிலிருந்து 'ஐயா' போட்டவன் இப்போது பெரியப்பா என்கிறான். "சாமிக்குச் சிரிப்பு அடங்கட்டும். அதுவரைக்கும் இப்பிடி வந்து உக்காருங்க."

வாசல் படியில் உட்கார்ந்தோம். "நான் தைப்பேக்காரன் இல்லன்னு எப்போ தெரிஞ்சிது?" என்று கேட்டேன். "கஞ்சிக் கடையில. அந்த அக்கா வெளியூர்க்காரங்களத் திட்ட மாட்டாங்க, சொந்த ஊர்க்காரங்கள மட்டுந்தான் திட்டுவாங்க" என்றான். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவன் கேலி செய்யவில்லை. நான் கேட்காமலே சொன்னான்: "புயல் காலத்துல எனக்கு வேல இருக்காது பெரியப்பா. அப்போ அம்மாவோட பழக்கடையில நிப்பேன். வான்-யூன் மருந்துக்கடையில வாங்கற சம்பளம் என்னோடத விடக் கூட. இதெல்லாம் அவங்க அப்பாவுக்கு நானே நேர்ல சொல்லணும்னு இருக்கேன், அவருதான் கூப்பிட மாட்டேங்கறாரு."

அதனால் தம்பி, என் தீர்ப்பு இதுதான். பையன் தங்கம். மறைக்கத் தெரியாதவன், மற்றவர் மறைப்பதைக் காட்டிக்கொடுக்காதவன். ஒரே ஒரு குறை உண்டு, நடந்துகொண்டே இருக்கும்போது பொசுக்கென்று நின்றுவிடுகிறான். கதவைப் பார் என்பான், சுவரைத் தொடு என்பான், கிணற்றை எட்டிப் பார் என்பான். ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல நடக்க விடுவதில்லை. அரை நாள் சுற்றியும் என் முழங்கால் வாயே திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். தொழிலில் இது கொஞ்சம் சோம்பல்தான், கல்யாணமானால் சரியாகிவிடும். நீ என் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாய் என்பதால் மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சம்மதம். பெரிய மனது பண்ணி நீயும் தலையை ஆட்டு.

உன் பட்டறைக்கு ஆர்டர் குறையாமல் வரட்டும். உன் ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கட்டும். வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள்.

அன்புள்ள அண்ணன்,
குவோ சிங்-யுவான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வான்-யூன் போன் செய்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "உங்க வீட்ல பெரியவங்க எல்லாருமே தைப்பேயில இருந்துதான் வருவாங்களா?" என்று மிங்-தா அவளிடம் கேட்டானாம். வசந்த காலத்தில் லின் என்ற பெயரில், தொப்பியும் முகக்கவசமுமாக, இதே தனிச் சுற்றுலாவுக்கு ஒரு ஆள் வந்தாராம். ஊர்க்காவல் சாமி கோயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே மாட்டேன் என்றாராம். போகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல், கிளம்பும்போது மட்டும் கேட்டாராம்: "கூட வர்றவங்களால வேகமா நடக்க முடியலன்னா என்ன பண்ணுவ?" "நிக்கறதுக்கு ஏதாவது ஒரு சாக்கு கண்டுபிடிப்பேங்க. இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்று இவன் சொன்னானாம். அந்த ஆள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லையாம்.

மேலே நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. என் சம்மதம் யாருக்கு வேண்டும்? வசந்தத்திலேயே லின்னாக வந்து நீ சரியென்று முடிவு பண்ணிவிட்டாய். அதை வாய்விட்டுச் சொல்ல வராமல் என்னை வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறாய், கழுதை. இந்த வரியைப் படித்ததும் போனை எடு. உனக்குப் பேச வராது என்று அவளுக்குத் தெரியும். "அப்பா பேசறேன்" என்று மட்டும் சொல். மீதியை அவள் சொல்லிக்கொள்வாள்.