பிள்ளை மடுவத்துச் சிங்கம்

ஓவியம் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் யாரையும் சுவருக்குப் பக்கத்தில் விடக் கூடாது. தாளில் வரைந்தால் கிழித்துப் போடலாம். சுவரை என்ன செய்வது?

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். டவுன் பள்ளிக்கூடத்தில் நான் உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சித்திரம் படித்த முதல் ஆள் நான்தான். (அதற்கு முன் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.) தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனாலும் காதில் தூரிகையைச் செருகிக்கொண்டுதான் போவேன். பார்த்து வரைவது கற்பனை இல்லாதவர்களின் வேலை என்பது அப்போதைய என் கொள்கை.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்தை என் சித்திதான் பார்த்துக்கொண்டார். அதன் வராந்தாச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சும்மாதானே இருக்க புள்ள. ஒரு மொசலு கிசலு போட்டு வுடு. சின்னதுக பாத்துக்கிட்டு கெடக்கும்."

முயலா? என்னைப் போன்ற ஒரு கலைஞருக்கா? சிங்கம் என்று முடிவெடுத்தேன். சிங்கத்தை நான் நேரில் பார்த்ததில்லை. அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. அப்பா வேலை செய்த ஃபெக்டரியில் மிஞ்சியிருந்த மஞ்சள் பெயிண்டில் உடம்பை முடித்தேன். கோடு கோடாக இழுத்து நிழல் காட்டுவதை அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கறுப்பை எடுத்து முதுகிலிருந்து வயிறு வரை நிழல் போட்டேன். பிடரி மயிருக்கு வரும்போது பழுப்பு நிறம் தீர்ந்துவிட்டது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, கீழே என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

சித்தி வந்து பார்த்தார்.

"என்னா புள்ள இது, புலிய வரஞ்சு வச்சிருக்க?"

"சிங்கம் சித்தி."

"வரி இருக்கே."

"அது நெழலு."

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புலி என்ற சொல்லையே டவுனில் மெதுவாகத்தான் சொல்வோம். இங்கே சுவர் நிறையப் புலி, அடியில் என் பெயர். மூடுவதற்குச் சாக்குத் தேடிச் சித்தி ஓடினார். சாக்குக் கிடைப்பதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. அடையாள அட்டை பார்க்க அவர்கள் அடிக்கடி தோட்டத்துக்கு வருவார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்துவதற்கு வசதியான இடம் அந்த வராந்தாதான்.

அப்பாவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்த சார்ஜன் சுவர்ப் பக்கம் திரும்பினார். கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். என் படத்தை இன்றுவரை வேறு யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. சித்தி ஒரு குழந்தையைத் தூக்கிப் படத்துக்கு முன்னால் பிடித்தார். அது வாலை மட்டும் மறைத்தது.

"மே ஹரக்கெக் நேத?" என்றார் சார்ஜன் சிங்களத்தில்.

இது மாடுதானே என்று கேட்கிறார். அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. சித்தி கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாடு என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"நே சேர்," என்றேன். "சிங்ஹயெக்." இல்லை, சிங்கம்.

சார்ஜனின் முகம் மாறியது. நாட்டின் கொடியில் வாளோடு நிற்கிற சிங்கம் எங்கே, பிடரியில்லாமல் முழிக்கிற இது எங்கே.

"மேகத சிங்ஹயா?" இதுவா சிங்கம் என்று என்னிடம் வந்தார்.

"பிஸ்ஸு கெல்லெக் மாத்தயா," என்றார் அப்பா. பைத்தியக்காரப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கி, தலைக்கு மேல் இரண்டு கொம்புகளை இழுத்தார். ஒன்று வானத்தைப் பார்த்தது, ஒன்று அறைக் கதவைப் பார்த்தது. "ஹரக்கெக் தமய்." மாடேதான்.

சார்ஜன் கொம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"உசுரு பெருசா, ஒன் சிங்கம் பெருசா?" என்றார் அப்பா.

"நீங்களே நல்லா பாருங்கப்பா. அது மாடு மாதிரியா இருக்கு?"

அப்பா நிஜமாகவே பார்த்தார். "இப்பதான் கொஞ்சம் இருக்கு."

அந்த விடுமுறை முழுக்க மாட்டுப்பட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாடு வேறு, நான் வரைந்தது வேறு என்று நிரூபிக்கத்தான் போனேன். போன பிறகுதான் மாட்டின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பதே எனக்குத் தெரியாது என்று தெரிந்தது. பாதி வரைவதற்குள் மாடு எழுந்து போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்தபோது என் கொப்பியில் ஒரு முழு மாடுகூட இல்லை. ஆனால் கால்கள் கால்களாகவும் காதுகள் காதுகளாகவும் இருந்தன. கற்பனைக் கொள்கையைக் கைவிட்டு நான் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சுவரை மட்டும் சித்தி அழிக்க விடவில்லை. பொலிஸ் பார்த்து ஒத்துக்கொண்ட மாட்டை அழித்தால் சந்தேகம் வருமாம். தோட்டத்துக் குழந்தைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். சித்தியின் மகன் கண்ணன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்; பிறகு முதலாம் வகுப்புக்குப் போய் மாடு வரைந்தான். மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி. டீச்சர் அதைத் திருத்தப் போக, அவன் கொப்பியை இழுத்துக்கொண்டான்.

நான் இப்போது சித்திர ஆசிரியை. வீட்டு விசேஷத்தில் யாராவது அதை மரியாதையாகச் சொல்லிவிட்டால் போதும், கண்ணன் அன்று டீச்சரிடம் சொன்னதைச் சித்தி எடுத்துவிடுவார்:

"ஒங்களுக்குத் தெரியாது டீச்சர். எங்க தோட்டத்துல மாடு இப்பிடித்தான்."