மைண்டுவின் கேஸ் ஸ்டடி

எங்கள் ஊரில் மனசு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவன் மைண்டுதான். அதற்கு முன்பு ஆம்பூர்க்காரர்களான எங்களுக்கு வயிறு மட்டும்தான் இருந்தது.

ப்ளஸ் ஒன்னில் சைக்காலஜி எடுத்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவோம். நான் கணக்குக்குப் பயந்து எடுத்தேன். மைண்டு ஆசைப்பட்டு எடுத்தான்; அந்தப் பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அவன் அம்மா ஷூ கம்பெனியில் மெஷின் தைத்து அவனைப் படிக்கவைத்தார். "பைத்தியக்கார டாக்டருக்கா படிக்கிறான்?" என்று தெருவே கேட்டபோதும், "அவனுக்குப் புடிச்சிருக்கு" என்று ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்தார்.

பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயம் முடிவதற்குள் மைண்டு வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டான். டீக்கடை பாயிடம் போய், "பாய், டீல சர்க்கரை ஜாஸ்தி போட்றீங்க. பாசத்துக்கு ஏங்கறீங்கன்னு அர்த்தம்" என்றான்.

"அப்டியா தோஸ்த்? நாளைலேர்ந்து கம்மி பண்ணிட்றேன்" என்றார் பாய். சொன்னபடியே செய்தார். மொத்தத் தெருவும் மைண்டுவைத் திட்டிக்கொண்டே டீ குடித்தது.

இன்னொரு நாள் கெமிஸ்ட்ரி சார் யாரையோ பிடித்துக் கத்திக்கொண்டிருந்தபோது இவன் எழுந்து, "சார், வீட்ல இருக்கற கோவத்த இங்க எறக்கறீங்க" என்றான். அன்று முழுக்க வராந்தாவில் நின்றான். சாயங்காலம் சார் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டாராம்.

ப்ளஸ் டூவில் வந்தது வினை. பிராக்டிகலுக்கு ஒரு நிஜ மனிதரைப் பேட்டி எடுத்து கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். மைண்டு கழுத்தில் ஐடி கார்டும் கையில் பரீட்சை அட்டையுமாக, கம்பெனி வேன் வந்து நிற்கும் முனைக்குப் போனான். வேலை முடிந்து இறங்கும் அக்காக்களிடம் கேட்டால் மன அழுத்தம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. எழுதிக்கொடுக்க என்னையும் கூட்டிப்போனான்.

"அக்கா, வேலைல டென்ஷன் ஆவுதா?"

"இல்ல சார். எல்லாரும் மரியாதையா நடத்துறாங்க. குடிக்கிற தண்ணி சுத்தமா இருக்குது."

"நைட்டு தூக்கம் வருதாக்கா?"

"எமர்ஜென்சி டோர் லெஃப்ட் சைடு சார்."

பேனாவோடு நான் விழித்தேன். அடுத்த அக்காவும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவர் சொல்லி முடித்துவிட்டு, "கரெக்டா சொன்னனா சார்?" என்றும் கேட்டார்.

விஷயம் இதுதான். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட் அனுப்புவார்கள். கழுத்தில் கார்டு போட்ட ஆட்கள் தொழிலாளிகளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் முந்தின நாளே மனப்பாடம் செய்யவைத்திருப்பார். எங்களையும் ஆடிட் என்றே நினைத்துவிட்டார்கள்.

சைக்காலஜி மேடம் எங்கள் தாள்களைப் புரட்டினார். "ஆம்பூர்ல ஒருத்தருக்குக்கூடக் கஷ்டமே இல்லியாடா? உண்மையா ஒரே ஒரு ஆளப் பத்தி எழுதிட்டு வா. இல்லன்னா பிராக்டிகல்ல உக்காராத" என்றார் மைண்டுவிடம். பிராக்டிகல் போனால் பாஸ் போச்சு. அம்மா அத்தனை நாள் தைத்ததும் வீண்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனோம். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மைண்டு எதிரே உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டான்.

"வேலைல இன்னா கஷ்டம்மா?"

"ஒரு கொறையும் இல்லப்பா. சூப்பர்வைசர் தங்கமான மனுசன்."

"யம்மா! நா ஆடிட் இல்லம்மா, உன் புள்ள!"

"அதான்டா பயமா இருக்குது" என்றார் அம்மா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆடிட்காரன்கிட்ட உண்மய சொன்னா வேல போவும். உங்கிட்ட சொன்னா நீ படிப்ப வுட்டுட்டு கம்பெனி வாசல்ல வந்து நிப்ப. பக்கத்து வூட்டுப் பையன் அப்டித்தான வந்து சேந்தான்?"

எதற்கும் ஒரு வியாதிப் பெயர் வைத்திருக்கும் மைண்டு அட்டையைக் கீழே வைத்தான்.

"வர மாட்டேம்மா. எது ஆனாலும் படிப்ப வுட மாட்டேன். நீ சொல்லு."

"நெசமா?"

"நெசமா."

"கை மரத்துப் போவுதுடா" என்று அம்மா ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே நான் டீ வாங்கப் புறப்பட்டேன். பாய் கடையில் வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். திரும்பி வந்தபோது மைண்டு அம்மாவின் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மா அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

மறுநாள் மேடத்திடம், "எங்கம்மா எங்கிட்ட சொன்னாங்க மேடம், பிராக்டிகலுக்குச் சொல்லல. எழுத மாட்டேன்" என்றான். மேடம் திட்டவில்லை. "சரி, வேற ஆளப் புடி. நாளைக்குள்ள" என்றார்.

அகப்பட்டவன் நான். மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்தான். "எப்டிடா இருக்க?" என்றான். "எனக்கின்னாடா, ஜாலியா இருக்கேன்" என்றேன். அவன் எழுதவில்லை, அடுத்த கேள்விக்கும் போகவில்லை, சும்மா இருந்தான். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் நான் யாரோடும் பேசுவதே இல்லை என்று என் வாயிலிருந்து வந்தது. அதுவரை அது எனக்கே தெரியாது. "இத எழுதிக்கட்டுமா?" என்று கேட்டான். தலையாட்டினேன்.

அவன் பாஸானான். இப்போது வேலூரில் சைக்காலஜியே மேலே படிக்கிறான். பாய் கடைப் பக்கம் அவனை இன்னும் யாரும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "எப்டிடா இருக்க?" என்கிறான். ஊரில் வேறு யார் கேட்டாலும் நடந்துகொண்டே "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். அவன் கேட்டால் மட்டும் எங்கேயாவது ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.