மேட்டு டிவிஷன் கேட்டில் இரண்டு பிடி அரிசி

மேட்டு டிவிஷன்,
லூபோக் சீனா அஞ்சல், மலாக்கா.
17-9-1952

அன்பும் மரியாதையும் மிக்க சேகரன் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் பாக்கியலட்சுமி வணங்கி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கிளேபாங்கில் தாங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று, மேகம் விலகிச் சாமி படம் கண்ணுக்குத் தெரிகிற காலைகளிலெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். பெண் பார்க்க வந்தவர்களைத் தாங்கள் அழைத்து வரவேண்டிய அன்றைக்கென்று வந்த இடுப்புப் பிடிப்பு இந்நேரம் விட்டிருக்கும் என்று நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, 'இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்' என்பதை மாப்பிள்ளை வீட்டில் தாங்களே நேரில் போய்ச் சொல்லிவிடும்படி கேட்கச் சொல்லி அப்பா என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் எனக்கு, கோபம் அவருக்கு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கடற்கரையில் இருக்கும் தங்களுக்கு எங்கள் மேட்டுத் தோட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். இங்கே வியாழக்கிழமை துவைத்துப் போட்ட துணியை ஞாயிற்றுக்கிழமை அதே ஈரத்தோடு எடுத்து உடுத்திக்கொள்கிறோம், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிகிறார்கள், இந்த அவசரகாலம் வந்ததிலிருந்து ஆங்காங்கே இருந்த லயன் வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி சுற்றி ஒரே ஒரு கேட் வைத்துவிட்டார்கள், மாலை ஆறு மணிக்கு அது மூடினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறக்கும், அரிசி தலைக்கு இவ்வளவு என்று பங்கீடு, அதிலும் கேட்டுக்கு வெளியே ஒரு மணி அரிசிகூடப் போகக் கூடாது, போனால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று பயம். இந்த உத்தரவைக் கேட்டில் ஒட்டிய அன்று ஊருக்கெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டியவள் நான்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். அதிகமாக ஆட்டியது அம்மா.

மாப்பிள்ளை வீரமுத்துவும் அவர் அம்மா மீனம்மாவும் டாக்சியில் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வரும்போதே தொல்லை. காட்டுக்குக் கடத்த முடியாதபடி ஓட்டை போடாமல் எந்த டின்னும் உள்ளே வரக் கூடாது என்று காவலுக்கு நிற்கும் வீரப்பன் அண்ணன் அவர்கள் கொண்டு வந்த பால் டின்னில் ஆணியால் இரண்டு குத்துக் குத்திக் கொடுத்திருக்கிறார். அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் மேடு ஏறிய மீனம்மா எங்கள் வாசலில் இறங்கும்போது பட்டுப்புடவையில் பாதிப் பால் இருந்தது. எறும்புகள் எங்களுக்கு முன்பே வரவேற்பு கொடுத்துவிட்டன. ஆனாலும் அந்த அம்மாள் நல்ல மாதிரி. "போகட்டும், பால் பொங்கினா நல்ல சகுனம், வழிஞ்சாலும் நல்ல சகுனந்தான்" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பிட்டார், மீண்டும் பார்த்தார். ஐந்தே காலுக்கு அப்பா அவரைச் 'சம்மந்தியம்மா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

புறப்படும் நேரம் வந்தது. அவர்கள் அதிரசம் கொண்டு வந்த எனாமல் தூக்குவாளியைக் கழுவித் துடைத்த அம்மா, உள்ளே இரண்டு பிடி அரிசியைப் போட்டாள்.

"அம்மா, கேட்ல பிடிப்பாங்க."

"வெறுந்தூக்க எப்படிடி திருப்பிக் கொடுக்கிறது? அடுத்த வீட்டுக்கே கொடுக்க மாட்டோம், இது சம்மந்தி வீடு! ரெண்டு பிடி அரிசிய யாரு பார்க்கப் போறா? வீரப்பன் நம்ம புள்ளதானே."

கேட்டில் நம்ம பிள்ளை மூடியைத் திறந்து பார்த்தார்.

"டீச்சர், இது என்ன?"

"அரிசி அண்ணே."

"நீங்கதானே நோட்டீஸ வாசிச்சீங்க?"

மீனம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன்யா, என் மூஞ்சியப் பார்த்தா காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டு போறவ மாதிரியா இருக்கு?"

"இல்லம்மா. அரிசியக் கொட்டிட்டுப் போங்க, அவ்வளவுதான்லா."

"பொண்ணு பார்த்த வீட்டுலருந்து வெறுந்தூக்கோட இறங்கறதா? நான் போக மாட்டேன்!"

அரிசியோடு போகக் கூடாது என்கிறது சர்க்கார்; இல்லாமல் போக மாட்டேன் என்கிறார் மீனம்மா. டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இருபது வருஷம் மண்டோராக ஆட்களை அதட்டிய அப்பா, வீரப்பன் அண்ணனின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். அம்மா ஓடிப்போய் மஞ்சள் கொண்டு வந்தாள்; அது சமையல் சாமான் என்றார் வீரப்பன் அண்ணன். உப்பு கொண்டு வந்தாள். அது தடைப் பட்டியலிலேயே இருந்தது. வெற்றிலை கொண்டு வந்தாள்.

"வெத்தல திங்கிறதுதானேம்மா?"

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை அப்போது சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் அம்மா முறைத்தார். இதற்குள் சங்கு ஊதியது, டாக்சிக்காரர் ஊரடங்குக்குப் பயந்து ஆளை ஏற்றாமலே மேடு இறங்கிப் போய்விட்டார், கேட் மூடியது, எங்கள் மூன்று பேர் பங்கரிசி ஐந்து பேர் கஞ்சியாயிற்று. மீனம்மா எங்கள் வீட்டிலும் மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளிலும் படுத்தார்கள்.

காலையில் குளிக்கப் போன மீனம்மா, பைப்புத் தண்ணீரின் குளிரையும் காலில் ஏறிய ஓர் அட்டையையும் ஒருசேரச் சந்தித்துவிட்டுத் திரும்பி வந்து, "இந்த மேட்டுல பொண்ணு எடுத்தா, தீபாவளிக்கு வந்தவன் பொங்கலுக்குத்தான் வீடு திரும்பணும்" என்றார்.

"அப்ப எடுக்க வேணாம்லா!" என்றார் அப்பா.

"எடுக்கல!" என்றார் அந்த அம்மாள்.

அவ்வளவுதான் மாமா. எட்டு மணித் தோட்டத்து லோரியில் அவர்கள் இறங்கிப் போனார்கள். தூக்கு எப்படிக் கேட்டைத் தாண்டியது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆகவே அப்பா சொன்னபடி, சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடவும். அத்தைக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் ஆசி எங்கள் மூவருக்கும், முடிந்தால் எங்கள் மேட்டு வெயிலுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பாக்கியலட்சுமி

பின்குறிப்பு: அப்பா தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். மேலே எழுதியதில் எதையும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை தூக்கோடு பள்ளிக்கூட வாசலில் நின்று, "டீச்சர், அரிசியும் கூடாது, வெறுந்தூக்காவும் கூடாது. திங்க முடியாத ஏதாவது போடுங்களேன்" என்றார். சாக்கட்டியை எடுத்தேன். "அது வேணாம். மேல் தட்டுல ஒரு சின்னப் புத்தகம் இருக்கே, ராத்திரி பார்த்தேன்" என்றார். நான் யாருக்கும் புத்தகம் இரவல் கொடுப்பதில்லை என்பது தங்களுக்கே தெரியும். அதுவும் அது நான் பாதி படித்துக்கொண்டிருந்த புத்தகம். கை எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. வீரப்பன் அண்ணன் பக்கங்களை உதறிப் பார்த்து, "இது பட்டியல்ல இல்ல, போகலாம்" என்றார். மீனம்மாவும் தூக்கைத் தூக்கிப் பார்த்து, கனம் இருக்கிறது என்று திருப்தியாக லோரி ஏறினார். மாப்பிள்ளை மட்டும் ஏறுமுன் மெல்லச் சொன்னார்: "நீங்க மடிச்சு வச்ச பக்கத்துக்கு மேல நான் படிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழம கொண்டாந்து தர்றேன், நீங்க முதல்ல படிங்க." மடித்த இடத்துக்கு மேல் இன்னும் நூற்றிருபது பக்கம் இருக்கிறது மாமா. ஒரே நாளில் படித்து முடிக்கிறவள்தான் நான். இந்த முறை வாரம் பத்துப் பக்கம் போதும் என்று தோன்றுகிறது.